கொன்ஸ்டன்ஸ் வேலியில் பன்னிரண்டு மணி

விதி இப்படி இருந்தது: யேர்மனியில் புகலிடம் கேட்டிருப்பவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் போகலாம். தங்கையின் கலியாணம் அப்படியான காரணமா என்று அதில் இல்லை. காரணம்தான் என்று நம்பி விண்ணப்பித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. விதியை வாசித்துவிட்டால் அது தானாக நடக்கும் என்று நினைக்கிற வயது.

இந்தப் பழங்கதை இப்போது கிளம்பியதற்குக் காரணம் எங்கள் வோன்மொபில். ஓய்வுக்குப் போனவர்கள் பலரும் செய்வதுபோல நாங்களும் படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி ஒன்றை வாங்கி, வுப்பர்டாலில் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, பெரும்பாலும் கழுவிக்கொண்டிருக்கிறோம். சுவிசில் இருக்கும் தங்கை வதனியிடம் அதில் போவதென்று முடிவாயிற்று. எந்த இடத்தால் எல்லையைக் கடப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

"பாசலால போவம். நேர் ரோட்டு" என்றாள் மனைவி, வழிக்கு ரோல்ஸ் பொரித்தபடி.

"கொன்ஸ்டன்ஸால போவம்."

"அது சுத்தெல்லே?"

முப்பது வருடம் ஒரு சரக்கு நிறுவனத்தில் சுங்கப் பத்திரம் நிரப்பியவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பாசலில் வரிசை நீளம். சுவிசுக்குள் தலைக்கு ஒரு கிலோ இறைச்சிதான் கொண்டுபோகலாம், மீனுக்கு அந்த வரம்பு இல்லை. ஆட்டிறைச்சி ரோல்ஸில் மாவைக் கழித்து இறைச்சியை நிறுப்பதா என்று ஆறுதலாகக் கேட்கச் சின்ன எல்லைதான் வசதி. எல்லாம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு அந்த வேலியைப் பாக்கவேணும். அதைச் சொல்லுங்கோவன்."

"வேலி இப்ப இல்லை."

"அப்ப என்னத்தைப் பாக்கப் போறியள்?"

நான் வரைபடத்தை விரித்துக் கொன்ஸ்டன்ஸைத் தேடினேன்.

எண்ணெயில் பொரியும் ரோல்ஸின் வாசம்தான் என்னைக் கெடுத்தது. கொன்ஸ்டன்ஸ் நகரத்துக்கும் அதை ஒட்டிய சுவிஸ் ஊருக்கும் நடுவில், ஏரிக்கரையோரம், அந்தக் காலத்தில் கம்பிவலை வேலி ஒன்று நின்றது. நான் யேர்மனியில் அகதி, வதனி சுவிசில் அகதி, அவள் கட்டப்போகிற சிறியும் அப்படியே. ஒருவருக்கும் தாண்ட ஏலாது. அப்பா இல்லை, அம்மா யாழ்ப்பாணத்தில். வதனியின் பக்கத்தில் இந்தக் கண்டத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

"அண்ணை, தாரை வார்க்க நீங்கள் இல்லாட்டி எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்" என்றாள் தொலைபேசியில்.

"விடமாட்டாங்கள் பிள்ளை."

"வேலி மட்டும் வாங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

வேலி வரைக்கும் போவதற்கே அனுமதி வேண்டுமே. ஆறு வாரம் காத்திருந்தேன், பதில் இல்லை. பிடிபட்டால் தண்டம், அதோடு புகலிடக் கோப்பில் ஒரு கறுப்புக் குறிப்பு. ரயிலேறினேன். சீருடையைக் கண்டபோதெல்லாம் கழிப்பறைக்குள் போனேன். ஒருமுறை அது தபால்காரர்.

நாள் வெள்ளிக்கிழமை, நேரம் பன்னிரண்டு. குறித்தவர் ஐயர் அல்ல, சிறி. வேலியோரம் சுற்றிவரும் சுங்க அதிகாரி சாப்பிடப் போகும் நேரம் அது.

"மச்சான், ராகுகாலம் பன்னிரண்டுக்கு முடியுது, அவன்ர சாப்பாடு பன்னிரண்டுக்குத் துவங்குது. பத்துப் பொருத்தமும் சரி" என்று வலைக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். அன்றுதான் அவரை முதன்முதலில் பார்க்கிறேன்.

முறைப்படி அவள் கையை அவர் கையில் வைத்து நீர் ஊற்ற வேண்டும். வலைக்குள்ளால் என் இரண்டு விரல்தான் போனது. அவற்றால் அவள் கையைப் பற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மற்றக் கையால் லெமனாட் போத்தலில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றினேன். பாதி என் சப்பாத்துக்குள் போனது. மந்திரம் தெரியாது.

"என்ர தங்கச்சியைத் தாறன். பாத்துக்கொள்ளும்."

"ஓம் மச்சான்."

வதனி அழவில்லை. "கெதியா இதை வாங்குங்கோ அண்ணை, அவன் வரப்போறான்" என்று ரோல்ஸை ஒவ்வொன்றாக வலைக்குள்ளால் தள்ளினாள். வலைக் கண்ணியின் அளவை முன்கூட்டியே விசாரித்து, விரல் மொத்தத்தில் மெலிதாகச் சுற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே மண்டபத்தில் தாலி கட்டியபோது, நான் வுப்பர்டால் அகதி விடுதிக் கட்டிலில் இருந்து கடைசி ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தேன்.

சிறி போன வருடம் காலமானார்.

கொன்ஸ்டன்ஸால் வருகிறோம் என்று வதனிக்குச் சொன்னேன். "ஏன் அண்ணை சுத்துறியள்? வேலியைப் பிடுங்கி எவ்வளவு காலம்!" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "வாறதெண்டால் வெள்ளிக்கிழமை வாங்கோ. பன்னிரண்டுக்கு நான் அங்க நிப்பன்."

நின்றாள். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோனோம். வேலி இருந்த இடத்தில் சில சிற்பங்கள். ஒரு நாய் சுவிசுக்குள் போய் மோந்துவிட்டு யேர்மனிக்குத் திரும்பி வந்தது. வதனி கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அதே விரல் மொத்த ரோல்ஸ்.

"வேலிதான் இல்லையே, இனியாவது மொத்தமாச் சுத்தலாமே" என்றாள் மனைவி.

"கை பழகிப்போச்சு மச்சாள்."

அந்தக் கையைப் பிடித்தேன். இந்த முறை முழுக் கையும் என் கைக்குள் வந்தது. எதிரே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அன்றைய விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் போகவில்லை. இந்த நாட்டில் எதற்கும் பதில் வரும். பழைய கோப்பில் இன்னும் வைத்திருக்கிறேன், ஒரே வரி: பயணத் திகதி கடந்துவிட்டதால் விண்ணப்பம் முடிவுற்றதாகக் கருதப்படுகிறது. கலியாணம் ஆவணியில் நடந்தது. கடிதம் வந்தபோது வதனிக்கு வயிற்றில் நாலு மாதம். அன்று தை பதினொன்று, திங்கட்கிழமை.