ஆர்லிஸ் பிரெக்கன் வீட்டு வளைவு

பூமி உருண்டை. அதன்மேல் ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று சதுரம் சதுரமாக டவுன்ஷிப் என்னும் ஊராட்சிகளை வெட்டினால் எங்கேயாவது இடிக்கத்தானே செய்யும்? ஆரஞ்சுப் பழத்தின்மேல் கட்டம்போட்ட துணியைப் போர்த்தினால் மடிப்பு விழாமல் இருக்குமா? அமெரிக்காவில் மினசோட்டாவின் எங்கள் மூலையில் அந்த மடிப்பு விழுந்த இடம் ஆர்லிஸ் பிரெக்கன் வீட்டு வாசல். தெற்கிலிருந்து நேராக வரும் சாலை அங்கே சட்டென்று ஒடிந்து, எல்லைக்கோட்டோடு கொஞ்ச தூரம் பக்கவாட்டில் போய், மறுபடி வடக்கே திரும்பும்.

தெற்கே எங்கள் ஸ்டூர்டால் டவுன்ஷிப், வடக்கே பிராகா. எங்கள் பனி தள்ளும் வண்டி வளைவுவரை வந்து திரும்பிவிடும். அவர்களுடையதும் அப்படியே. நடுவிலுள்ள துண்டு யாருடையது? கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதில்: "அது அவங்களோடது." ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே பனிக்குத்தான் கொண்டாட்டம்.

அந்தத் துண்டில்தான் ஆர்லிஸின் மாட்டுப்பண்ணை. போன பிப்ரவரியில் பால் லாரி வளைவில் புதைந்து நின்றது. தொட்டி நிரம்பி வழிய, கறந்த பாலையெல்லாம் சாக்கடையில் ஊற்றிவிட்டு அவள் தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த குளிர்காலமும் இப்படி ஆனால் இனி வரமாட்டோம் என்று பால் கம்பெனி சொல்லிவிட்டது. பால் எடுக்க ஆள் வராத பண்ணை எதற்கு? விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். மிச்சக் குளிர்காலம் முழுக்க தேவாலயத்தில், தீவனக்கடையில், காப்பிக்கடையில் என்று அவள் கத்தாத இடமில்லை.

அங்கேதான் வந்தது வினை. டவுன்ஷிப்பை நடத்தும் மூவர் குழுவில் இடம் காலியானால் எங்கள் ஊரில் யாரும் போட்டியிடுவதில்லை. ஓட்டுச்சீட்டில் ஒரு வெற்றுக்கோடு இருக்கும். அந்த வருஷம் யார் அதிகமாகக் குறை சொன்னார்களோ அவர்கள் பெயரை அதில் எழுதிப் போட்டுவிடுவார்கள். மார்ச் மாதம் ஓட்டு நடந்த அன்று மாலையே வருடாந்தரக் கூட்டம். ஆர்லிஸ் எலுமிச்சைக் கேக்கோடும் எக்கச்சக்கக் கோபத்தோடும் வந்து சேர்ந்தாள். குழுத்தலைவர் டெல்மர் க்வாம் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"வழி கேட்டு வந்தேன் டெல்மர், நாற்காலியைத் தூக்கித் தலையில வைக்கிறீங்களே, நல்லா இருக்கா இது?"

"பதினோரு பேரு உன் பேரை எழுதிட்டாங்க ஆர்லிஸ், நான் என்ன பண்ண?"

"அந்தப் பதினொண்ணுல நீயும் ஒருத்தன்தானே?"

"அது ரகசிய ஓட்டும்மா," என்று டெல்மர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஆனாலும் ஆர்லிஸுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்: இனி வளைவு விவகாரம் நம் கையில்தானே! அந்தச் சந்தோஷமும் அவள் கை உயர்த்திப் பதவிப் பிரமாணம் எடுக்கும்வரைதான். எடுத்து முடித்ததும் டெல்மர் விதியைச் சொன்னார்: சொந்த லாபமுள்ள விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது.

"ராஜினாமா பண்ணிட்டு பழையபடி கத்து," என்றான் கணவன் ராய். "கத்துறதுல உன்னை மிஞ்ச ஆள் ஏது?"

"எடுத்த சத்தியத்தை மறுநாளே தூக்கிப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட சர்ச்சுக்குப் போறது? சும்மா இருப்பா."

பதவியிலேயே இருந்தாள். வசந்தத்தில் பனி உருகி ஜல்லிச்சாலைகள் சேறானபோது ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். சாலைக்கடியில் தண்ணீர் போகும் குழாயை அணை கட்டும் பீவர்கள் சுள்ளி அடைத்து மூடியபோது, முட்டளவு தண்ணீரில் வைக்கோல் வாரும் கவைக்கோலோடு இறங்கி எடுத்தாள். பீவர்கள் மறுபடி அடைத்தன. இவளும் மறுபடி இறங்கினாள். மாதாமாதம் கூட்டத்தின் கடைசியில் டெல்மர், "வேற ஏதாவது?" என்று அவளையே பார்ப்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய் ராயிடம் வெடிப்பாள், பாவம் அந்த மனுஷன்.

செப்டம்பரில் பால் லாரிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தக் குளிர்காலம் வளைவுல பனி தள்ளுவாங்களா மாட்டாங்களான்னு அக்டோபர் முடியறதுக்குள்ள கம்பெனிக்கு ஒரு பதில் சொல்லச் சொல்றாங்க ஆர்லிஸ்." அன்று அவள் தொழுவத்தில் ஒவ்வொரு மாட்டின் நெற்றியையும் தடவிக்கொடுத்தாள்.

அக்டோபரில் இரண்டு டவுன்ஷிப் குழுக்களும் சாலையோரப் புல் வெட்டுவது பற்றிப் பேசக் கூடின. புல் பேச்சு முடிந்ததும் டெல்மர் எழுந்தார்.

"பிரெக்கன் வீட்டு வளைவு," என்றார்.

பிராகாவின் தலைவர் வெண்டெல் ஹ்ருஷ்கா நிமிர்ந்தார். "அது உங்களோடதுன்னு எங்கப்பா காலத்துலேருந்து சொல்லிட்டு வர்றோம்."

"எங்கப்பாவும் உங்களோடதுன்னுதான் சொன்னாரு. ரெண்டு அப்பனும் போய்ச் சேந்தாச்சு, பனிதான் போகமாட்டேங்குது. வளைவு பூராவும் நாங்க தள்றோம். பதிலுக்கு, இப்ப நாங்க தள்ற வாத்துக்குட்டைப் பாலத்துப் பக்கத்தை நீங்க தள்ளுங்க."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன திடீர்னு?"

டெல்மர் ஆர்லிஸைப் பார்க்காமலே பேசினார். "இவ நாற்காலியில உக்காந்த நாளா, எப்ப தன் சாலையைக் கேப்பான்னு காத்துட்டிருந்தேன். கேட்டா வாயை அடைக்கணும்னு பதிலைக்கூட தயாரா வச்சிருந்தேன். கேக்கவே இல்லய்யா. ஊரான் வீட்டுச் சேத்துலதான் நின்னா. எனக்கே வெக்கமாப் போச்சு."

ஓட்டெடுத்தார்கள். கை தன்னையறியாமல் மேலே போய்விடுமோ என்று ஆர்லிஸ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தபோது துடைக்கவும் கையை எடுக்கவில்லை. மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன. வெண்டெலின் கைதான் கடைசி.

நவம்பரில் ஒரு காலை, முழங்கால் அளவு பனி. ஆர்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்றாள். தெற்கிலிருந்து எங்கள் டவுன்ஷிப் ஓட்டுநர் லைலின் பனி தள்ளும் வண்டி முனங்கிக்கொண்டு வந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்துக்கு வந்தது. முன்னாலிருந்த பனி வழிக்கும் கத்தி மேலே எழவில்லை. வண்டி வளைவுக்குள் நுழைந்து, பனியைச் சுருட்டி ஓரத்தில் கொட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியது. அவள் கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடி இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

லைல் பதறிப்போய் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான். "என்ன ஆச்சு ஆர்லிஸ்? ஏதாவது தப்பாத் தள்ளிட்டேனா?"

"ஒண்ணுமில்லடா! ஏன்டா நிறுத்தினே?" அவள் சிரித்தாள், குளிரில் பல் தந்தியடித்தது. "போ லைல், போ, நிக்காதே! பின்னாடி பால் லாரி வருது பாரு!"