நாயின் வால்வும் முறைப்படியான மனுவும்

அரசு ஊழியர் வெளிநாட்டவரிடம் அலுவல் விஷயமாக எதையும் கேட்பதானால் மேலதிகாரி மூலமாகத்தான் கேட்க வேண்டும். இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான்.

2008-இல், சிதம்பரம் கோயிலின் ஆனித் திருமஞ்சனம் முடிந்த கையோடு, எங்கள் பொமரேனியன் நாய் இருமி இருமி மயங்கி விழத் தொடங்கியது. எங்கள் ஊரான செம்மண்டலத்திலிருந்து காரில் சிதம்பரத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதயத்துல வால்வு சரியா மூடல சார், ரத்தம் திரும்பி வருது. வெளிநாட்டுல இதுக்கு ஆபரேஷன் பண்றாங்க. அங்க ஒரு சர்ஜன்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

"நேரா கேக்கக் கூடாதும்மா. உங்களுக்கு அனுமதி கேட்டு நானே மேலிடத்துக்கு மனு போடறேன்."

"பதில் வர்ற வரைக்கும் சாவாம இருன்னு இதுகிட்ட யாரு சார் சொல்றது?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் மனுவை அனுப்பினேன். டாக்டரம்மா அன்று மாலையே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எக்ஸ்ரே படத்தோடு சர்ஜனுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மெமோ வரும் என்று எச்சரித்தேன்.

"வந்தா பதில் எழுதத்தான் நீங்க இருக்கீங்களே சார்."

அந்த வாரமே சர்ஜன் எழுதினார்: ஆபரேஷனுக்கு அவசரமில்லை, மாத்திரையின் அளவை மாற்றிப் பாருங்கள். டாக்டரம்மா மாற்றினார், மயக்கம் நின்றது. என் சர்வீசில் இவ்வளவு அழகான விதிமீறலைப் பார்த்ததில்லை.

என் மனுவுக்கும் பதில் வந்தது, பரிசீலனையில் இருப்பதாக. அதைக் கொண்டுவந்த தபால்காரரை வாசல் கேட் வரை குரைத்து விரட்டியது அதே நாய்தான். அன்று, மறுவருடத்து ஆனித் திருமஞ்சனம்.