கூட்டத்தில் ஒரு மச்சம்

அலுவலகத்தில் அவருக்குக் 'கும்பல்' என்று பெயர். ஒல்லியான ஒற்றை ஆள் படியேறி வந்தாலும், "கும்பல் வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார்கள். காரணம் உண்டு. அந்த அலுவலகம் வெளியிட்ட படக்கதை இதழில் தொப்பி வைத்த துப்பறிவாளனை வரைந்தவர் தலைமை ஓவியரான பெரியவர். அவன் மாடியிலிருந்து குதிக்கும்போது கீழே வாயைப் பிளந்து நிற்கும் ஜனங்களை வரைந்தவர் கும்பல்.

பெரியவரின் தூரிகைக் கோடு பிரசித்தம். துப்பறிவாளனின் தோளில் தடித்து, இடுப்பில் இளைத்து, பூட்ஸ் முனையில் வாலாட்டிக்கொண்டு முடியும். கும்பலின் பாணி என்னவென்று யாருக்கும் தெரியாது. பாணியே கூடாது என்பதுதான் வேலைக்கு நிபந்தனை. "கூட்டத்துல ஒரு மூஞ்சியும் ஞாபகம் இருக்கக் கூடாதுய்யா. வாசகன் கண்ணு என் ஆள் மேலதான் நிக்கணும்" என்பார் பெரியவர். மீறி ஒரு தெத்துப்பல் தென்பட்டால் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்.

பிறகு பெரியவர் கைக்கு நடுக்கம் வந்தது. வெளியே தெரிந்தால் விற்பனை படுத்துவிடும். எனவே அட்டை முதல் கடைசிக் கட்டம் வரை, ஒன்பது வருடம் கும்பலே வரைந்தார். பெரியவரின் கையெழுத்தையும் அவரே போட்டார். அசலைவிட நன்றாக வந்தது. 'வயதாக ஆக உங்கள் கோடு இளமையாகிறதே!' என்று வாசகர்கள் எழுதினார்கள். கும்பல் அதைப் படித்துப் பூரித்து, உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரே ஒரு திருட்டுத்தனம் செய்தார். அழிக்க ஆளில்லாத தைரியத்தில், ஒவ்வொரு கூட்டத்திலும் தன் மனைவியை நிறுத்தினார். கையில் கூடை, மோவாயில் மச்சம். இதழ் வந்ததும் அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தன்னைத் தேடுவாள்.

"இன்னமும் இதே கூடையா? நல்ல பையா ஒண்ணு குடுக்கக் கூடாதா? காகிதத்துலதானே?" என்பாள். "அது சரி, உங்க பேரை எப்போ போடுவாங்க?"

"போடுவாங்க, போடுவாங்க."

அவள் போய் ஆறு வருடமாகிறது.

பழைய கதைகளைக் கெட்டி அட்டையில் மறுபதிப்பு செய்ய ஒரு பதிப்பாளர் பெண்மணி கிளம்பினார். முழுத் தொகுப்பு கும்பலிடம் மட்டுமே இருந்தது. இரண்டு பெட்டிகளையும் கொடுத்தவர், கூச்சத்தை விட்டு விஷயத்தையும் சொன்னார்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா சார்? இருந்தா முதல் பக்கத்துலயே உங்க பேர்."

"உள்ளயே இருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து காட்டறேன்."

அப்போதே காட்டியிருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்கத் துப்பறியும் கதை வரைந்தவராயிற்றே! கடைசிப் பக்கத்துக்கு முன்னால் துப்பை அவிழ்ப்பாரா?

குறித்த நாளில், மகளோடும் பூதக்கண்ணாடியோடும் போனார். மெய்ப்புப் படியைப் புரட்டினார். கூட்டம் இருந்தது. கூடை இருந்தது. மோவாய் வழவழவென்று இருந்தது. அடுத்த கதையிலும் அப்படியே. நாற்பது கதையிலும் அப்படியே.

"பளிச்சுனு இருக்கில்ல சார்?" என்றார் பதிப்பாளர் பெருமையாக. "மூணு மாசம் நானே உக்காந்து துடைச்சேன். மூஞ்சியில எல்லாம் எத்தனை தூசிப் புள்ளி!"

"துடைக்கறதுக்கு முந்தின ஸ்கேன்?"

"துடைச்சதை அது மேலயேதான் சேமிச்சேன். பழசு இல்ல."

"என் புத்தகங்க?"

"முதுகை வெட்டினாத்தானே ஸ்கேன் பண்ண முடியும்? அன்னிக்கே கேட்டேனே, சரின்னீங்களே. உதிரித் தாளெல்லாம் கழிவுக் காகிதத்தோட போயிடுச்சு."

"அந்தக் கூடைக்காரி எங்கம்மா" என்றாள் மகள்.

பதிப்பாளர் உற்றுப் பார்த்தார். "கூடை வெச்ச பொம்பளை எந்தக் கடைத்தெருவுலதாம்மா இல்ல?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படம் அப்படித்தான் இருந்தது.

புத்தகம் வீட்டுக்கு வந்தது. முதல் பக்கத்தில் பெரியவர். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'பழைய இதழ்களைத் தந்து உதவியவர்' என்று கும்பலின் சொந்தப் பெயர், பிழையே இல்லாமல்.

"பேர் வந்திருக்குப்பா" என்றாள் மகள்.

அவர் மெல்லிய முனைப் பேனாவை எடுத்து, முதல் கூட்டத்தைத் தேடி, குனிந்தார். இப்போது அவர் கைக்கும் நடுக்கம். முதல் புள்ளி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது கூடைக்குள். மூன்றாவது, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் மூக்கில்.

"குடுங்கப்பா, நான் வெக்கறேன்."

"வேணாம்மா. நீ வெச்சா உன் பாணி வந்துடும்" என்றவர், அடுத்த கூட்டத்தைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினார்.