அம்மா கட்டிய கப்பல்

பொய் சொல்வதற்கும் இடம் பார்க்க வேண்டும். "மருமகன் கப்பலில வேலை" என்று கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் சொன்னால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். என் அம்மா அதைப் போய்த் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் துறைமுகத்தோடு சம்பந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் கணவர் பிரித்தானிய இராணுவத்தில் வாகனம் திருத்துபவர். லண்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. துப்பாக்கியைவிட ஸ்பானரைத்தான் அதிகம் தூக்கியிருப்பார். அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, வேலையைத்தான் பிடிக்கவில்லை. அதில் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் 'ஆமி' என்றால், யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் கைப்பையைத் துழாவி அடையாள அட்டை தேடுகிற பதற்றம். அந்தச் சொல்லை மருமகனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

கலியாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார். "தலைமயிரைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு வரச் சொல்லு மகள். போட்டோவில ஆமிக்காரன் மாதிரித் தெரியப்போகுது."

"அவர் ஆமிக்காரன்தானே அம்மா."

"அதுக்காகத்தானே சொல்லுறன்."

கலியாணம் முடிந்து நான் அங்கே இராணுவக் குடியிருப்புக்குப் போனேன். எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். முதல் கிழமையே பக்கத்து வீட்டுக் கதவில் என் சாவியைப் போட்டுத் திருகித் திருகி, உள்ளேயிருந்து வந்த ஃபிஜி நாட்டுப் பெண்ணைச் சிநேகிதி ஆக்கிக்கொண்டேன். கணவன்மாரை இராணுவம் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினால் எங்கே போனார், எப்போது வருவார் என்று அங்கே ஒருத்தி மற்றவளைக் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது. ஒரு சட்டி சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! எங்கள் ஒழுங்கையில் எங்கே போகிறாய் என்று ஒருவர் கேட்காவிட்டால் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வருடம் என் கணவரை அப்படி அனுப்பியபோது நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறிகளுக்கு நடுவே எங்கள் வான் அசையாமல் நின்றது. அப்போதுதான் அம்மா மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஒழுங்கையில ஆரும் கேட்டால் கப்பல் எண்டு சொல்லு. நான் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன்."

அடுத்த நாள் காலையே முன்வீட்டு அங்கிள் கேற்றடியில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும்.

"அவர் டெக்கோ, எஞ்சினோ மகள்?"

"எஞ்சின், அங்கிள்." இதில் பாதி உண்மை இருந்தது.

"கப்பலின்ர பேரைச் சொல்லுங்கோ. போனில போட்டால் எங்க நிக்குதெண்டு காட்டும்."

"பேரை மாத்திட்டாங்கள் அங்கிள்."

"ஓம் ஓம், கைமாறினால் பேரும் மாறும்தான்," என்று அவரே எனக்குக் கைகொடுத்தார். ஆனால் அம்மாவும் நானும் பேசிவைத்துக்கொள்ளாததால், அந்தக் கப்பல் காலையில் சிங்கப்பூரிலும் மாலையில் ஆபிரிக்காவிலும் நின்றது. "இது கப்பலோ, ரொக்கெட்டோ?" என்று அங்கிள் ஒருநாள் கேட்டே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரிடமிருந்து அழைப்பு வரும். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஃபிஜிச் சிநேகிதிக்குப் போன் எடுத்தேன். அவள் கணவனும் பேசவில்லையாம். ஏதாவது என்றால் அறிவிப்பார்கள், அறிவிக்காதவரை நல்லது என்றாள். நானும் அதையேதான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது அது உதவவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, சோறு இறங்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு எங்கள் கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போய்வந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு பூசை தொடங்குமுன், அதை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதை வழக்கம்போல் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இறந்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. பிறகு அம்மாவின் பெயரை முழுசாகச் சொல்லி, "வெளிநாட்டு இராணுவத்தில் பணிபுரியும் மருமகன் பத்திரமாகத் திரும்பி வர" என்றார்கள்.

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன்.

"அம்மா, கப்பல்?"

அம்மா பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனத்துக்கு என்னத்தையும் சொல்லலாம். ஆண்டவருக்குக் கப்பல் எண்டு சொன்னால் அவர் கடலிலயெல்லோ தேடிக்கொண்டு நிப்பார்."

பூசை முடிந்து வெளியே வந்தால் அங்கிள் வாசலில் காத்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "ஓம், ஆமிதான். என்ர மருமகன் ஆமியிலதான் இருக்கிறார்." கோயில் கேற்றடியில் பாதுகாப்புக்காகப் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த சிப்பாய்க்கும் கேட்டிருக்கும்.

அங்கிள் கையிலிருந்த செபமாலையைத் தூக்கிக் காட்டினார். "நான் ஒவ்வொரு நாளும் செபமாலையில அந்தக் கப்பலுக்கும் சேர்த்தெல்லோ வேண்டினனான் அக்கா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, இப்ப எங்க நிக்கிறார் மகள்?"

"சொல்லக் கூடாது அங்கிள்."

"அப்ப நான் கேக்கேல்ல."

கொட்டாஞ்சேனையில் ஒருவர் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டதை அன்றுதான் கண்டேன். மத்தியானம் அங்கிளின் மனைவி ஒரு சட்டி இறைச்சிக் கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை போன் அடித்தது. நான் "ஹலோ" என்று சொல்லி என் கணவர் குரலைக் கேட்டுச் சுவரில் சாய்வதற்குள், அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களோ மகன்? சுகமா இருக்கிறீங்களோ?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இங்க வரேக்க தலைமயிரை நல்லாக் கட்டையா வெட்டிக்கொண்டு வாங்கோ."