உமையாள் ஆச்சி நட்ட ஒரு முடி

கும்பகோணத்தில் சொந்தமாக வங்கி நடத்திய குடும்பத்தின் ஒரே பெண் உமையாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்து, இருபது வயதில் அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். மன்னார்குடிக்குத் தெற்கே அவள் பெயரில் பத்து ஏக்கர் சீதன நிலம் இருந்தது. அந்த நெல்லைத்தான் சாப்பிட்டாள்; நிலத்தைப் பார்த்ததில்லை. அந்த வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போகும் வழக்கம் இல்லை.

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த சமயம். அண்ணன் சிதம்பரம் சட்டத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் பயந்து, அவள் நிலம் உட்பட எல்லாவற்றையும் விற்கத் தொடங்கினார். சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஒரு தடவை நிலத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றாள் உமையாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அதுதான்.

காரியஸ்தர் சாமிதுரை காரில் அழைத்துப்போனார். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் ஏறியதுமே அம்சம் என்கிற நடவாள் அவள் காலடியில் கட்டிவைத்த நாற்றுமுடி ஒன்றை வைத்து வழிமறித்தாள். வயலுக்கு வருகிறவர்களிடம் நடவுப் பெண்கள் அப்படித்தான் காசு கேட்பார்கள். உமையாள் திகைத்து நின்றாள். காசு எடுத்துக்கொண்டு வெளியே போகும் பழக்கமே அவளுக்கு இல்லை.

"பேங்க்கு வீட்டு ஆச்சிகிட்ட நாலணா இல்லியாம்டி," என்றாள் அம்சம், மற்ற பெண்களைப் பார்த்து. சாமிதுரை அதட்டிக்கொண்டே சட்டைப்பையைத் துழாவினார்.

"அவரு காசு வேணாம். எறங்கி அந்த முடிய நட்டுட்டுப் போங்க ஆச்சி."

கேலிக்குத்தான் சொன்னாள். உமையாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள். கெண்டைக்கால்வரை சேறு. பெண்களின் சிரிப்பு நின்றுபோனது. நாற்றை ஆழமாகக் குத்தியவளின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள் அம்சம். "இம்மாம் ஆழம் வேணாம், அழுகிடும். மேலாக்க வைங்க." தாலி இறங்கிய நாளிலிருந்து அந்தக் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் கெஞ்சினார், பிறகு பேச்சை நிறுத்தினார், காரையும் நிறுத்தினார். சீதன நிலத்துக்குப் பத்து ஏக்கர்வரை விலக்கு இருந்ததால் அவள் நிலத்தைச் சட்டம் தொடவில்லை. வயலுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கலாம். போக முடியாதது அண்ணனாலா, தன்னாலா என்று அவளுக்கே தெளிவில்லை.

ஒவ்வொரு நடவு முடிந்ததும் சாமிதுரை வந்து வயல் நிலவரம் சொல்வார். எல்லாம் கேட்டுவிட்டு, அம்சம் வந்திருந்தாளா என்பாள்.

"முப்பது பேரு குனிஞ்சு நிக்கிறாங்க ஆச்சி. இதுல யாரு அம்சம்னு எனக்கென்ன தெரியும்?"

"அடுத்த தடவ கேட்டுட்டு வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த போகமான தாளடி நடவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்.