படி தாண்டாத புடவை

படிக்காதவன் என்று என்னை வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேன். ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசி வருடம் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டபடி. அப்புறம் தறியில் உட்கார்ந்தேன், ஒரு கடையில் புடவை மூட்டை சுமந்தேன். இன்று பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு இரண்டு மாடிப் பட்டுக்கடை. யார் கையையும் பிடித்து ஏறவில்லை. இதைத் தினம் ஒருமுறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பாள் என் மருமகள். அவள் கம்ப்யூட்டர் இன்ஜினியர். பதினாறு வருடம் படித்துவிட்டு, என் ஐந்து வருடப் படிப்பு கட்டிய கடையில்தான் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைக்கு வெப்சைட் செய்கிறேன் என்று ஆரம்பித்து மூன்று மாதம் ஆயிற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டால், "ஃபிரேம்வொர்க்ல செஞ்சிக்கினு இருக்கேன் மாமா" என்றாள்.

"இன்னாமா அது?"

"தறி மாதிரி. ஒவ்வொரு புடவைக்கும் புதுசா தறி செய்வீங்களா? பாவு நூல் எங்க, ஊடை நூல் எங்கன்னு தறியிலயே இடம் இருக்குது இல்ல? அந்த மாதிரிதான். எது எங்க போகணும்னு முன்னாடியே இடம் வச்சிருக்கும்."

அந்த இடங்கள் மொத்தம் மூன்று என்றாள். மாடல் என்பது சரக்கறை: என்ன புடவை இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது. வியூ என்பது கண்ணாடிக்குள் பொம்மை மேல் கட்டி வைப்பது. வருகிறவர் கண்ணில் படுவது அது மட்டும்தான். கண்ட்ரோலர் என்பது நடுவில் பாயில் உட்கார்ந்திருக்கும் விற்பனைக்காரர்: "அரக்கு கலர், பெரிய கரை" என்று கேட்டால் சரக்கறைக்குக் குரல் கொடுத்து, வரவழைத்து, விரித்துக் காட்டுபவர். வாசலில் நின்று "பட்டா, வேட்டியா?" என்று கேட்டு மாடி சொல்லி அனுப்புகிறவருக்குக்கூட ரூட்டர் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே டிசைன் அட்டையை வைத்துப் பத்து நிறத்தில் நெய்வோமே, அதற்கு டெம்ப்ளேட்.

"முப்பது வருஷமா நான் செய்யறதுதானே இது. பேருதான் தெரியாது. இதுக்கா காலேஜு?"

"ஆமா மாமா, உங்களைப் பார்த்துதான் கண்டுபிடிச்சாங்க."

என் மருமகளின் பேச்சில் ஜரிகை அதிகம்.

வெப்சைட் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அரிசி மில் வைத்திருப்பவர்கள். கல்யாணப் பெண் கடையையே தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் அரக்கு உடம்பும் மாம்பழ மஞ்சள் கரையும் கொண்ட ஒரு புடவையில் கை வைத்து, "இதாம்மா" என்றது. அந்த நிறச் சேர்க்கையில் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அண்ணா, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வந்து எடுத்துக்கினு போறோம். அதுவரைக்கும் வேற யார் கையும் படக் கூடாது" என்றாள் பெண்ணின் அம்மா.

"என் வாக்கும்மா" என்றேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று கால் மணி நேரம் விளக்கவும் செய்தேன். புடவையை மஞ்சள் துணியில் சுற்றி, உள் பீரோவில் வைத்தேன்.

மருமகள் மேஜையிலிருந்து கேட்டாள்: "மாமா, அதை வித்ததா மாத்திடட்டா?"

"வாயைக் கழுவு!"

கடைப் படி தாண்டாத புடவையை ‘விற்றது’ என்று எழுதக் கூடாது. முகூர்த்தப் புடவையை அப்படி எழுதினால் கல்யாணமே தட்டிப்போகும். மூட்டை சுமந்த கடையில் நான் கற்ற முதல் பாடம் இது.

"வெள்ளிக்கிழமை படி தாண்டட்டும். இப்போ படத்தை மட்டும் எடுத்துடு."

"படம் வெறும் வியூதான் மாமா. சரக்குல ஒண்ணு இருக்குதுன்னுதானே இருக்கும்? பழைய லிங்க் வச்சிருக்கறவங்க நேரா வந்து கேட்டா, கண்ட்ரோலர் சரக்கைப் பார்த்து எடுத்துக் குடுத்துடும்."

"கண்ணுல படாததை எவன்மா கேப்பான்? பொம்மை மேலேருந்து இறக்கிட்டா முடிஞ்சுதுன்னு இந்த ஊர்ல கழுதைக்குக்கூடத் தெரியும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

"அப்போ ஒரு கழுதையை வேலைக்கு வை."

அவள் படத்தை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் பெண்ணும் தட்டில் பூ, வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். பெருமையாகப் பீரோவைத் திறந்தேன். மஞ்சள் துணி அழகாக நாலாக மடிந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பார்சல் கட்டும் அம்மாளைக் கூப்பிட்டேன். "ஆர்டர் சீட்டு வந்தா நம்பர் பார்த்துக் கட்டச் சொன்னது நீங்கதானே அய்யா? கடை பூரா தேடி, பீரோவுல கண்டுபிடிச்சு, செவ்வாய்க்கிழமையே கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டேன்" என்றாள். பொறுப்பான பெண்மணி. துணியைக்கூட மடித்து வைத்திருக்கிறாளே!

"அதே மாதிரி வேற இருக்குதா அங்கிள்?" என்றது பெண்.

இல்லாததை இருக்கிறது என்று சொல்லியே மாடி கட்டியவன் நான். "இல்லம்மா" என்றேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உங்க வாக்குன்னுதானேண்ணா விட்டுட்டுப் போனோம். கல்யாணத்துக்கு ஒம்போது நாள்தான் இருக்குது" என்றாள்.

‘அன்றைக்கே சொன்னேனே’ என்ற வார்த்தைக்காக மருமகளைப் பார்த்தேன். அவள் கோயம்புத்தூர் நம்பரை அழுத்தி, போனை என் கையில் கொடுத்தாள். சொல்லியிருந்தால் தேவலை.

எடுத்தது வயதான பெண் குரல். "புடவை வந்துருச்சுங்க, இன்னும் பிரிக்கலைங்க. எங்க வீட்டுக்காரரோட அறுபதாங் கல்யாணத்துக்குங்க, அதுக்கு ரெண்டு மாசம் கெடக்குது."

விஷயத்தைச் சொல்லி, புடவையைத் திருப்பி அனுப்பக் கேட்டேன்.

"முன்னாடியே எடுத்து வச்ச லிங்க்குல இருக்குதுன்னு காட்டுச்சு, வாங்கினனுங்க. இதுல தப்பு யாரோடதுங்க?"

‘கம்ப்யூட்டர் தப்பும்மா’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் எதிர்த்துப் பேசாது. அதற்காகவே அதை வாங்கலாம். ஆனால் எதிரே கல்யாணப் பெண் தட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"என்னோடதும்மா" என்றேன். "படத்தை எடுத்தாப் போதாதுன்னு என் மருமக சொன்னா. நான்தான் கேக்கல."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஆம்பளைங்க வாயில இது வர்றது அபூர்வமுங்க. இன்னைக்கே அனுப்பறேன். ஆனா எனக்கு அதே மாதிரி ஒண்ணு நெய்து தரோணும்."

‘என் வாக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை. "தறியில ஏத்தினதும் போட்டோ அனுப்பறேன்மா" என்றேன்.

புடவை மடிப்புக் கலையாமல் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நல்ல நேரத்தில் பெண் அதை மார்போடு அணைத்துப் படி தாண்டியதை வாசலில் நின்று பார்த்தேன். அப்புறம்தான் எனக்குக் காபி இறங்கியது.

விதியை மட்டும் நான் விடவில்லை. படி தாண்டாமல் ‘விற்றது’ என்று எழுத மாட்டேன். ‘இருக்கிறது’ என்று விட மருமகளும் தயாரில்லை. இரண்டு நாள் சண்டை. நிச்சயம் ஆன பெண் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் எவனாவது பெண் கேட்டு வருகிறானா என்று கடைசியில் நான்தான் கேட்டேன். மாடலில் ‘நிச்சயம்’ என்று புது நிலை ஒன்றைச் சேர்த்தாள். அந்த நிலையில் இருக்கும் புடவையை, எந்த வழியாக வந்து கேட்டாலும் கண்ட்ரோலர் இப்போது தொடாது. வெப்சைட்டே என் யோசனைதான் என்று டீக்கடையில் சொல்லிவருகிறேன். மருமகள் மறுக்கவில்லை, டீக்கடைக்கு அவள் வருவதில்லை.

நேற்று ஒரு கல்யாண வீட்டார் புடவை எடுத்துவிட்டு, புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வாயைத் திறந்தேன். திறந்தபடியே மேஜைப் பக்கம் பார்த்தேன்.

"நிச்சயம் போட்டுட்டேன் மாமா."

"என் வாக்கும்மா" என்றேன்.