ஐம்பதுக்குக் கீழே போகாமல்

துணைமின் நிலையத்தில் வேலை பார்ப்பவளை, கரண்ட் இருக்கிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. தென்காசிக்குப் பக்கத்தில் அப்படியொரு நிலையத்தில் நான் உதவிப் பொறியாளர். கடற்கரையில் இருந்த பெரிய அனல்மின் நிலையம் தீப்பிடித்து மொத்தமாக நின்றுபோன அந்த மாதங்களில், விசிறியும் கையுமாக எங்களைத் திட்டியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள். உங்கள் பக்கம் பட்டது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள்

பகல் பதினொன்றரை இருக்கும். அதிர்வெண் மீட்டரில் எப்போதும் ஐம்பதை ஒட்டியே நிற்கும் எண் இறங்க ஆரம்பித்தது. ஊரெல்லாம் எடுக்கிற மின்சாரமும் நிலையங்கள் தருகிற மின்சாரமும் சமமாக இருந்தால் அது ஐம்பதில் நிற்கும். தருவது குறைந்தால் இறங்கும். ரொம்ப இறங்கிவிட்டால், மிச்சம் ஓடுகிற நிலையங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பிறகு மாநிலமே இருட்டுதான்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. உடனே இரண்டு லைனை நிறுத்தச் சொன்னார்கள். எங்களிடம் இருப்பது ஆறு. ஒன்றில் ஆஸ்பத்திரி, இன்னொன்றில் குடிநீர் மோட்டார்கள். மிச்ச நாலில் எதை நிறுத்தினாலும் யாரோ ஒருவர் பாதி வேலையில் நிற்பார். இலத்தூர் லைனையும் என் வீடு இருக்கும் தெருவின் லைனையும் நிறுத்தினேன். எண் இறங்குவது நின்றது. ஆபரேட்டர் சண்முகையா முப்பது வருஷ சர்வீஸ்காரர், பவர்கட் காலமெல்லாம் பார்த்தவர். பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டுச் சொன்னார்: "பழைய பவர்கட் மாதிரின்னு நெனச்சிராதிய மேடம். அப்பல்லாம் எப்ப போகும்னு நமக்காவது தெரியும்."

பத்து நிமிஷம்

அடுத்த வாரம் மும்தாஜ் என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்காரர் சவுதியில் சிமெண்டுத் தூசியில் இருபது வருஷம் வேலை பார்த்து, நுரையீரல் கெட்டுத் திரும்பியவர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அதன் திருகு இறுகிக் கிடக்கும், கை நடுங்குகிறது என்றார். நிறுத்த வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. பத்து நிமிஷம் முன்னால் ஒரு போன் மட்டும் போடச் சொன்னார்.

அவர் நம்பரை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் முதலில் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டு லைனை நிறுத்துவேன். ஒரு மத்தியானம் எண் மளமளவென்று இறங்கி, பேனலில் இருக்கும் ரிலே கருவி தானாகவே அந்த லைனைத் துண்டித்துவிட்டது. அது யாரையும் கேட்காது. நான் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டும் அப்படித்தான். பேனலை விட்டு நகர முடியாத நிலை எனக்கு. ஜீப் டிரைவரை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் போய்ச் சேருவதற்குள் மும்தாஜே கூப்பிட்டார். மெஷின் சத்தம் நின்றதுமே சிலிண்டரை மாட்டிவிட்டாராம். போன் வேறு அறையில் கிடந்திருக்கிறது. அவர் சொன்னார்: "நீங்க போன் பண்ணுத அன்னைக்கெல்லாம் கை நடுங்கும் மேடம். இன்னைக்கு நடுங்குததுக்கு நேரமே இல்ல."

காற்றுக்குக் காத்திருந்தது

அனல் நிலையம் இல்லாத குறையை, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓரளவு ஈடு கட்டும். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வர வேண்டும். அந்தக் காற்றோடு வரும் சாரல் அந்த வருஷம் தள்ளிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். அருவி பாறையாகக் கிடந்தது. எண்ணெய் தேய்க்கும் பரமசிவன் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அருவியைப் பார்க்காமல் மலை உச்சியையே பார்ப்பதைக் கவனித்து, எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஆள் வராமல், லாட்ஜுகளும் காலியாகி, மூன்று வாரமாகத் தனக்கு வேலை இல்லை என்றார் அவர். கொஞ்ச நேரம் அவரும் மலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் மொதலாளி ஒருத்தன்தான். அவன் எப்ப வாரான்னு ஒங்களுக்காவது சொல்லுவாங்களா?"

போஸ்ட்டில் நின்றவர்

சாரல் வந்தது. காற்று வீசும், திடீரென்று படுத்துவிடும். காற்று படுத்துவிட்ட ஒரு பிற்பகலில் இலத்தூர் லைனை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இருபதாவது நிமிஷமே காற்று எழும்பிவிட்டது. லைனைப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. இலத்தூர் டீக்கடைக்காரர். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறவர். லைனைப் போட்ட பிறகுதான் வழக்கமாக அவர் போனை எடுப்பேன். அன்றைக்கு, இதோ வந்துவிடும் என்று சொல்லலாமே என எடுத்தேன். எப்போது வரும் என்று கேட்டவர், எங்கள் லைன்மேன் ஒருவர் தன் கடைக்கு எதிரே போஸ்ட்டில் ஏறி நிற்கிறாரே, இன்னுமா சரியாகவில்லை என்றார். கையை எடுத்தேன். அவரை இறங்கச் சொல்லுங்கள், இறங்கும்வரை போனை வைக்காதீர்கள் என்றேன். கட்டுப்பாட்டு அறை இன்னொரு போனில் அவசரப்படுத்தியது. ஆள் மேலே நிற்கிறார் என்றேன். சரி, இறங்கட்டும் என்றார்கள். ஆறு நிமிஷம் ஆனது.

அந்த லைன்மேன் இசக்கிமுத்து சாயங்காலம் வந்தார். போஸ்ட்டில் பழுதான பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று நாலு நாளாக மாற்றாமல் கிடந்ததாம். லைன்தான் செத்துக் கிடக்கிறதே என்று எங்களிடம் அனுமதி வாங்காமல் ஏறிவிட்டார். நான் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மேலிடத்துக்கு இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுதுங்க மேடம். ஆளே போயிட்டான்னு எழுதியிருக்க வேண்டியது."

கடைசி போன்

கட்டுப்பாட்டு அறையில் என்னிடம் பேசும் பொறியாளரை நான் பார்த்ததே கிடையாது. குரல் மட்டும் பழக்கம். அது கேட்டால் ஏதாவது லைனை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். அனல் நிலையத்தின் ஒரு பகுதி மறுபடி ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள் அவர் கூப்பிட்டார். பழக்கத்தில் பேனாவை எடுத்து, எந்த லைன் சார் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "இன்னிக்கு எதையும் நிறுத்த வேண்டாம் மேடம். சும்மாதான் கூப்பிட்டேன்."

எங்கள் வேலையிலேயே சிறந்த நாள் எது என்று கேட்டால், பதிவேட்டில் எழுத ஒரு வரிகூட இல்லாமல் சண்முகையா நாற்காலியில் உட்கார்ந்து குறட்டை விட்ட அந்த நாளைத்தான் சொல்வேன்.